தாரணிக்கு ஒரு கால் குறைகிறது

செம்பாறை நகராட்சி அலுவலகத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்த வருஷம் தாடையைத் தடவிக்கொண்டே வந்தார்கள்.

காரணம் இருந்தது. 'மறுபக்கம்' என்ற அரசுத் திட்டம் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. அதன்படி ஒவ்வோர் அதிகாரியும் வருஷத்தில் ஒரு நாள், தான் யார் என்பதே தெரியாமல், தன் சொந்த அலுவலகத்துக்கே மனுதாரராக வந்து நிற்க வேண்டும். காலையில் ஓர் ஊசி போடுவார்கள். எட்டு மணி நேரத்துக்குப் பெயரும் பதவியும் மனதுக்குள் தூங்கிப்போகும். அந்த இடத்தில் வேறொரு ஆளின் கதை வந்து உட்கார்ந்துகொள்ளும். முகத்தில் தண்ணீரில் கரையாத மெல்லிய பசை ஒன்றைப் பூசுவார்கள். பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. குரலை மாற்ற ஒரு மாத்திரை.

பசை காய்ந்தால் தாடை ஓரத்தில் அரிக்குமாம். இந்தத் துப்பு எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. அன்றிலிருந்து யார் தாடையைத் தடவினாலும் ஊழியர்கள் எழுந்து நின்றார்கள். நாற்காலி போட்டார்கள். மோர் கொடுத்தார்கள். மக்களும் லேசுப்பட்டவர்களா என்ன? குடிநீர் இணைப்பு கேட்டு வந்த ஒரு கோழிக்கடைக்காரர் இரண்டு கையாலும் தாடையைச் சொறிந்தபடி வரிசையின் முன்னால் போய் நின்றதை ஊரே சொல்லிச் சிரித்தது.

உபசாரம் கூடியதே தவிர வேலை நடக்கவில்லை. எதிரே நிற்பது மேலதிகாரியாக இருக்கலாம் என்ற பயத்தில் ஒருவரும் விதியிலிருந்து நூலளவு நகரவில்லை. ஒரு காகிதம் குறைந்தாலும் மனு திரும்பியது. அதுவும் மிகுந்த மரியாதையோடு, மோர் கொடுத்துத் திருப்பினார்கள்.

நகராட்சி ஆணையர் மரகதவல்லிக்கு இதில் பரம திருப்தி. ஐம்பத்து மூன்று வயது, இருபத்தெட்டு வருஷ சர்வீஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கல்யாணப் பத்திரிகையோடு ஒரு பை கொடுத்தால், பத்திரிகையை எடுத்துக்கொண்டு பையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். புது வருஷக் காலண்டரைக்கூட வாங்கமாட்டார். முன்பு ஒருவன் பிறப்புச் சான்றிதழில் காசு கொடுத்துப் பெயரையும் வயதையும் மாற்றிய மோசடி நடந்ததால், எந்தப் பெயர்த் திருத்தத்துக்கும் மூன்று சான்றுகள் வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டவர் அவர்தான்.

அவருடைய மேஜையில் ஒரு கோப்பு கையெழுத்துக்குக் காத்திருந்தது. பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவு எழுத்தர் சடையப்பனைப் பணிநீக்கம் செய்யும் உத்தரவு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் இறப்புச் சான்றிதழுக்கு மிக்சி ஒன்று கேட்டு வாங்கியிருந்தார் சடையப்பன். மூன்று ஜார் உள்ள மிக்சி. சாட்சிகள் இருந்தார்கள். திங்கட்கிழமை கையெழுத்துப் போடலாம் என்று நினைத்திருந்தபோதுதான், அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை மரகதவல்லியின் 'மறுபக்கம்' நாள் என்று கடிதம் வந்தது.

திட்டத்தின் மருத்துவர் ஜெபசீலன் எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பவர். அன்று கடலைமிட்டாய்.

"எனக்கு எதுக்கு டாக்டர் இது? இருபத்தெட்டு வருஷத்துல அடுத்தவங்க காசுல ஒரு டீ குடிச்சதில்ல நான்" என்றார் மரகதவல்லி.

"அதனாலதான் மேடம் எனக்கு ஆர்வமா இருக்கு. இதுவரைக்கும் அப்படி ஒரு ஆள் எங்களுக்குக் கிடைக்கவே இல்ல."

"இதெல்லாம் பலன் கொடுக்குதா?"

"லஞ்சத்தை ஒழிக்க இத்தனை நாளா ரெண்டு வழிதான் தெரியும் மேடம். பயமுறுத்துறது, இல்லைன்னா புத்தி சொல்றது. பயம் கேமரா இருக்கிற வரைக்கும் நிக்கும். புத்தி, மீட்டிங் முடிஞ்சு சாப்பாட்டுப் பொட்டலம் வர்ற வரைக்கும்." அவரே சிரித்துக்கொண்டார். "நாங்க மூணாவதா ஒண்ணு பாக்கிறோம். நாளைக்கு நாம கவுண்டருக்கு உள்ளே இருப்போமா வெளியே நிப்போமான்னு தெரியாம ஒருத்தர் சட்டம் எழுதினா, அதுல நியாயம் இருக்கும் இல்லையா? அந்தத் தெரியாமையை நாங்க ஊசியில ஏத்துறோம். அவ்வளவுதான்."

"சடையப்பன் கையை நீட்டினா பதிவாகுமா?"

"யார் எதை நீட்டினாலும் பதிவாகும். பையில கருவி இருக்கு."

மரகதவல்லியின் கைக்கடிகாரத்தையும் சங்கிலியையும் வாங்கிவைத்துக்கொண்டார்கள். மோதிரத்தை மட்டும் கழற்ற முடியவில்லை. விரல் தடித்து இருபது வருஷமாக அது அப்படியே இறுகிக் கிடந்தது. சாதாரண வளையமோதிரம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

ஊசி போட்ட இடத்தில் பஞ்சை அழுத்தியபோது அவர் மரகதவல்லி. பஞ்சை எடுத்தபோது சரோஜா.

சரோஜா பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள். புருஷன் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ போய்விட்டான். ஒரே மகள் தாரணி. நர்ஸிங் கல்லூரியில் அரசு இடம் கிடைத்திருக்கிறது. இன்று மாலை ஐந்து மணிக்குள் காகிதங்களைக் கொடுக்காவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். மதிப்பெண் பட்டியலில் 'தாரணி' என்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் 'தரணி' என்று இருக்கிறது. காலையில் மகள் தலை வாரிக்கொண்டே, "பரவால்லம்மா, நான் உங்கூடவே கம்பெனிக்கு வந்துடறேன்" என்று சொன்னதும், சொல்லிவிட்டுக் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டதும் சரோஜாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தன.

ஒன்பதரை மணிக்கு நகராட்சி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வரிசை நகர்ந்து, பிறப்புப் பதிவுக் கவுண்டருக்கு வரவே பதினொன்றரை ஆயிற்று. சடையப்பன் காகிதத்தை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"உங்க பொண்ணுக்கு ஒரு கால் இல்லைங்கம்மா."

சரோஜா திடுக்கிட்டுப் போனாள். "ஐயோ, நல்லாத்தானே சார் நடக்கிறா!"

"எழுத்துல சொன்னேனுங்க. 'த'வுக்குப் பக்கத்துல கால் போடணும். போட்டா தாரணி."

"அந்தக் காலை மட்டும் போட்டுக் குடுங்க சார். அஞ்சு மணிக்குள்ள காலேஜ்ல நிக்கணும்."

"போடலாமுங்க. அப்பா நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். பிறந்த ஆஸ்பத்திரி லெட்டர் வேணும். ஹெட்மாஸ்டர் சர்டிபிகேட் வேணும்."

"அப்பா இல்லீங்க சார். எங்க இருக்காருன்னே தெரியாது. அந்த ஆஸ்பத்திரியை இடிச்சு நகைக்கடை கட்டிட்டாங்க."

"அப்ப ஒண்ணும் பண்ண முடியாதுங்கம்மா. மோர் குடிக்கிறீங்களா?"

சரோஜா மோரை வாங்கிக் குடித்தாள். பிறகு மேலாளரிடம் போனாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டு, சடையப்பனைப் பார்க்கச் சொன்னார். சடையப்பன் உதவியாளரைப் பார்க்கச் சொன்னார். உதவியாளர் இன்னொரு டம்ளர் மோர் கொடுத்து மேலாளரிடமே அனுப்பினார். நடுவில் பள்ளிக்கூடத்துக்கு ஓடி, திட்டத்தார் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த தலைமையாசிரியரிடம் சான்று வாங்கி வந்தாள். மணி இரண்டைத் தாண்டியது.

"எந்தப் பாவி சார் இப்படி ஒரு ரூல் போட்டது?" என்று சடையப்பனிடம் கேட்டாள்.

"எங்க கமிஷனர் மேடமுங்க."

"அந்தம்மாவுக்குப் பொண்ணு இல்லையா?"

சடையப்பன் மோர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

அலுவலகத்தின் கோடியில் கைகழுவும் இடம் இருந்தது. அங்கே போய் சரோஜா முகத்தைக் கழுவிக்கொண்டாள். கண்ணாடிக்குக் கீழே இருந்த சோப்பைப் பார்த்தாள். பிறகு தன் மோதிரத்தைப் பார்த்தாள். புருஷன் போட்டுவிட்ட மோதிரம் என்றுதான் அவளுக்கு நினைவு. விரல் முழுக்க சோப்பைத் தேய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நுரையோடு மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்து தொட்டிக்குள் விழுந்தது. தண்ணீர் போகும் ஓட்டைக்குள் போய்விடாமல் சட்டென்று விரலை விட்டு எடுத்தாள். தான் செய்யப்போவது தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்ட மகளின் முதுகும் கண்ணுக்குள்ளேயே நின்றது. மோதிரத்தை முந்தானையில் துடைத்தாள்.

மணி இரண்டு ஐம்பது. மனுவை மடித்து, மடிப்புக்குள் மோதிரத்தை வைத்து, கவுண்டருக்குள் தள்ளினாள்.

"அண்ணா, எம் பொண்ணு மாதிரி நினைக்காதீங்க. உங்க பொண்ணு மாதிரி நினைங்க. இதை வெச்சுக்கங்க. வேற என்கிட்ட எதுவும் இல்ல."

சடையப்பன் மடிப்பைப் பிரித்தார். மோதிரத்தில் இன்னும் கொஞ்சம் நுரை ஒட்டியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். அவள் விரலைப் பார்த்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு ஒரு காகிதத் துண்டைக் கிழித்து மோதிரத்தைப் பொட்டலம் கட்டி அவள் கையிலேயே கொடுத்தார்.

"மொதல்ல விரலுக்கு மஞ்சள் வைங்கம்மா" என்றார் எரிச்சலாக. "உட்காருங்க அந்தப் பெஞ்சுல."

மூன்று சான்றுகளில் ஒன்றுதான் இருந்தது. மற்ற இரண்டு கட்டங்களிலும் 'பார்க்கப்பட்டது' என்று டிக் அடித்தார். முக்கால் மணி நேரத்தில் சான்றிதழ் அச்சாகி வந்தது. தாரணி. முழுசாக, காலோடு.

சரோஜா நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. செருப்பை மாட்டியும் மாட்டாமலும் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள். கல்லூரி வழியாகப் போகும் பஸ் வந்து நின்றது. படியில் கால் வைக்கும்போது இரண்டு பேர் அவள் கையைப் பிடித்தார்கள். பின்னால் ஜெபசீலன் நின்றிருந்தார்.

"மேடம், முடிஞ்சுபோச்சு. வண்டியில ஏறுங்க."

"யாருங்க நீங்க? விடுங்க! மணி நாலாகப் போகுது! எம் பொண்ணு அங்க காலேஜ் வாசல்ல நிக்கிறா!"

அவர் மாற்று ஊசியை எடுத்தார். சரோஜா அவருடைய கையைக் கடித்தாள். பஸ் போய்விட்டது. சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு, போகும் பஸ்ஸைப் பார்த்து அவள் போட்ட கூச்சல், ஊசி இறங்கி முடியும்வரை அடங்கவில்லை.

மரகதவல்லிக்கு நினைவு முழுதாகத் திரும்ப ஒரு மணி நேரம் ஆயிற்று. முதலில் பெயர் வந்தது. பிறகு பதவி. கடைசியில், தாரணி என்று யாரும் இல்லை என்பதும் வந்தது. அது வந்தபோது அவர் முகத்தை மூடிக்கொண்டார். ஜெபசீலன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு, மிட்டாயை மெல்லாமல் காத்திருந்தார்.

"நான் லஞ்சம் குடுத்திருக்கேன்" என்றார் மரகதவல்லி.

"ஆமா மேடம்."

"என் மேலே கேஸ் போடுங்க."

"குடுத்தது சரோஜா. அப்படி ஒரு ஆளே கிடையாது. வாங்கிக்க வேண்டியவர் வாங்கிக்கல. சான்றிதழ் யாருக்குக் கிடைச்சதோ அந்தப் பொண்ணும் கிடையாது. யார் மேலே போடறது? மோதிரத்து மேலேயா?"

"விளையாடாதீங்க டாக்டர். சோப்புப் போட்டுக் கழட்டினது என் விரல்லேர்ந்து. அது தப்புன்னு தெரிஞ்சேதான் கழட்டினேன்."

ஜெபசீலன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வெளியே சொல்லக் கூடாது. உங்ககிட்ட சொல்றேன். இதுவரைக்கும் நாப்பத்து மூணு பேரை அனுப்பியிருக்கோம். கலெக்டர் ஆபீஸ் ஆளுங்க, போலீஸ், ஒரு நீதிபதிகூட. நாப்பத்து மூணு பேரும் ஏதோ ஒண்ணை நீட்டிட்டாங்க. வாட்ச், செல்போன். ஒருத்தர் போட்டிருந்த பெல்ட்டையே அவுத்துட்டார்."

"அப்ப நேர்மைன்னு ஒண்ணு கிடையாதா?"

"இருக்கு மேடம். எவ்வளவு நேரம் தாங்குதுங்கறதுலதான் வித்தியாசம். ஒருத்தர் பதினொரு நிமிஷத்துல நீட்டினார். ரொம்பப் பேர் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். நீங்க அஞ்சு மணி இருபது நிமிஷம்." அவர் மரியாதையோடு சொன்னார்: "மாநிலத்துலயே நீங்கதான் அதிகம்."

மரகதவல்லிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இருபத்தெட்டு வருஷ நேர்மையை அவர் எப்போதும் எடைபோட முடியாத ஒன்றாகத்தான் நினைத்திருந்தார். அது ஒரு மதியத்துக்குள் அடங்கிவிட்டது.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகச் சடையப்பனை அறைக்கு அழைத்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னார். சடையப்பனுடைய முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது.

"அது நான்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"சத்தியமாத் தெரியாதுங்க மேடம். தெரிஞ்சிருந்தா மூணு சான்றும் இல்லாம விட்டிருப்பேனா? நாலாவதா ஒண்ணும் கேட்டிருப்பேன்."

"அதிகாரியா இருக்கலாம்னு தோணவே இல்லையா?"

"இல்லீங்க. செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்தீங்க. ஊசி போட்டு வர்ற ஆபீசருங்களுக்கு மூளைதான் மறக்குமுங்க, காலுக்கு மறக்காது. செருப்போட நேரா உள்ளே வந்துடுவாங்க. நான் அதை வெச்சுத்தான் கண்டுபிடிக்கிறதுங்க."

மரகதவல்லி தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வாசலிலேயே செருப்பை விட்டுவிட்டு, சுவரோரம் நிற்கும் தன் அம்மாவின் ஞாபகம் வந்தது.

"மிக்சியை வாங்கினவர்தானே நீங்க? இதை ஏன் வாங்கல?"

"மிக்சி அட்டைப்பெட்டியில வந்துதுங்க. அதுக்கு அவங்க என்ன பட்டாங்கன்னு கண்ணுல படல. இது ரத்தத்தோட வந்துது."

"டிக் அடிச்சது தப்பு."

"தப்புதானுங்க."

"மிக்சியும் தப்பு."

"அதுவும் தப்புதானுங்க."

சடையப்பனுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி தனக்கு இப்போது இல்லை என்று எழுதி, மரகதவல்லி அந்தக் கோப்பை மண்டல இயக்குநருக்கு அனுப்பினார். மிக்சியைப் பற்றிய சாட்சியங்களோடு, மோதிரம் திரும்பி வந்ததையும், விதி மீறப்பட்டதையும் ஒன்று விடாமல் எழுதினார். தன்மேல் நடவடிக்கை எடுக்கும்படியும் தனிக் கடிதம் வைத்தார். அதற்கு, 'சரோஜா என்ற நபர் இல்லாததால் மேல் நடவடிக்கை தேவையில்லை' என்று ஒரு வரியில் பதில் வந்தது. சடையப்பனுக்கு மூன்று வருஷ ஊதிய உயர்வு போயிற்று, வேலை போகவில்லை. மிக்சியை அவர் பழைய சொந்தக்காரரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு ஜார் உடைந்திருந்தது. அதற்கும் திட்டு வாங்கினார்.

மூன்று சான்றுச் சுற்றறிக்கையை மரகதவல்லி ரத்து செய்தார். எழுத்துப் பிழையைத் திருத்துவதற்கு வேண்டிய தகவலை அலுவலகமே தேடிக்கொள்ள வேண்டும் என்று புது உத்தரவு போட்டார். காலையில் வந்த மனுவுக்கு மதியம் ஒரு மணிக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட வேண்டும். ஏன் ஒரு மணி என்று மேலாளர் கேட்டார்.

"அதுக்கு மேலே மனுஷங்களால தாங்க முடியாது" என்றார் மரகதவல்லி. மேலாளர் பசியைச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினார்.

மோரை நிறுத்திவிட்டார்கள். வரிசை வேகமாக நகர்ந்ததால் யாருக்கும் தாகம் எடுக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத் திட்டத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சோதனைக்காகப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட பொய்ப் பெயர்களை நீக்க ஆணையரின் ஒப்புதல் தேவை. செம்பாறையில் ஒரே ஒரு பெயர்: தாரணி, தாய் சரோஜா.

மரகதவல்லியின் மேஜையில் எந்தக் கோப்பும் இரண்டு நாளுக்கு மேல் இருந்ததில்லை. இது பன்னிரண்டு நாள் கிடந்தது. தினமும் அதை எடுப்பார், பிரிப்பார், பேனாவைத் திறப்பார். கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்ட ஒரு முதுகு தெரியும். பேனாவை மூடிவிடுவார். நர்ஸிங் கல்லூரி வழியாகப் போகும் பஸ் அலுவலகத்தைத் தாண்டும்போதெல்லாம் அவரை அறியாமல் தலை நிமிர்ந்தது. யாரிடம் சொல்ல முடியும் இதை?

நினைவூட்டுக் கடிதம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு சடையப்பன் உள்ளே வந்தார். கோப்பைப் பார்த்தார். பெயரின் மேல் இருந்த ஆணையரின் விரலைப் பார்த்தார்.

"சின்ன விஷயம்தான் மேடம், கையெழுத்துப் போட்டா முடிஞ்சுடும்" என்றார் மெதுவாக.

"தெரியும்."

"போட வேணாம்னாலும் வழி இருக்குதுங்க."

மரகதவல்லி நிமிர்ந்து பார்த்தார்.

சடையப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். இருபது வருஷ அனுபவம் அதில் இருந்தது. "சும்மா வெச்சுக்கிட்டிருந்தா நினைவூட்டு மேலே நினைவூட்டு வருமுங்க. அது தப்பான முறை. விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பிடணும். பதில் வர ஆறு மாசம் ஆகும். வந்ததும் அந்தப் பதில்லேர்ந்தே இன்னொரு விளக்கம். முதல் கேள்வி மட்டும் நல்லா அமைஞ்சுதுன்னா, பொண்ணு படிச்சு முடிச்சு வேலைக்கே போயிடலாமுங்க."

மரகதவல்லி கதவைப் பார்த்தார். அது சாத்தியிருந்தது. எதிரே இருந்த நாற்காலியைக் கையால் காட்டினார். சடையப்பன் தயங்கித் தயங்கி நுனியில் உட்கார்ந்தார்.

ஆணையர் பேனாவின் மூடியைக் கழற்றி, ஒரு வெள்ளைத்தாளை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"சரி, சொல்லுங்க" என்றார். "முதல் கேள்வியா என்ன கேக்கலாம்?"